உரசும் சத்தம்

புது ஆடுகளை ஏற்றி வந்த லாரி பழைய ஆட்டுப்பட்டிக்கு முன்னால் நின்றபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தம்பி குதித்து இறங்கினான். அவள் மெதுவாக இறங்கிக் கதவைச் சாத்தினாள். இந்த இடத்தை விட்டுப் போய்ப் பல வருடங்கள். பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

அன்று மந்தையில் அரிப்பு நோய் கண்டபோது அவளுடைய வெள்ளைச் செம்மறிகள் தூண் தூணாகப் போய் உரசின. ரோமம் உதிர்ந்து, தோல் கிழிந்து, ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. பிறகு கால்கள் பின்னின. கடைசியில் ஆட்கள் வந்து மந்தை முழுவதையும் கொன்றார்கள். வேலியோரம் நின்று பார்த்தாள். அன்றைக்கு மரத்துப்போன மனசுதான் இன்றைக்கும்.

“பட்டிய நல்லா கழுவிட்டா போதுமா டாக்டர்?” என்று அப்போது கேட்டாள்.

கால்நடை மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். “இது கிருமி இல்லம்மா. கெட்டுப்போன ஒரு புரதம். உயிர் இருந்தாத்தானே சாகடிக்க முடியும்? மண்ணுல, மரத்துல வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். மேயுற ஆட்டுக்கு, நக்குற ஆட்டுக்குப் போய்ச் சேரும்.”

தம்பிக்கு அதெல்லாம் இன்றும் காதில் ஏறவில்லை. “மேல்மண்ண வாரியாச்சு, சுண்ணாம்பு அடிச்சாச்சு. இன்னும் என்னக்கா?”

புது ஆடுகள் எல்லாமே கறுப்பு. வாசலில் கால் ஊன்றி நின்றுகொண்டன. தள்ளித்தான் உள்ளே விட்டான். சுண்ணாம்பு வாடைக்கு அடியில் பழைய ஆட்டு ரோமத்தின் கொழுப்பு வாடை.

சர்ரக்.

கடைசித் தூண். அதன் அருகில் ஓர் ஆடும் இல்லை.

சர்ரக். சர்ரக்.

தூண் அசைந்தது. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவள் போய்த் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுப்பு. வெதுவெதுப்பு. விரலில் ஒரு கொத்து வெள்ளை ரோமம் ஒட்டி வந்தது.

பின்னாலேயே வந்த ஒரு கறுப்பு ஆடு கழுத்தை நீட்டித் தூணை நக்கியது. அதன் காதைப் பிடித்து இழுத்தாள்.

“ஏத்து.”

“அக்கா...”

“ஒண்ணு விடாம ஏத்துடா.”

தம்பி ஆடுகளை லாரிக்கு ஓட்டினான். தூண் ஆடியதை அவனும் பார்த்திருந்தான்.

பட்டி கண்ணுக்கு மறைந்தபிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. “ஒனக்குப் பயமா இல்லியாக்கா?”

“தெரியல,” என்றாள். “வேற மந்தை பக்கம் இதுங்கள இறக்கிடாத. நேரா டாக்டர்கிட்ட போ. நக்கின ஆட்டப் பத்திச் சொல்லணும்.”

மேட்டில் வண்டியை நிறுத்தி, ஆடுகளைப் பார்த்துவர அவன் பின்பக்கம் போனான்.

“அக்கா. இங்க வாயேன்.” குரல் கிசுகிசுப்பாக வந்தது.

ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றன. எதிர் மூலை காலியாகக் கிடந்தது. ஓர் ஆடு நிற்கும் அளவு இடம். அங்கே மட்டும் வைக்கோல் மெல்ல மெல்ல அமுங்கியது.

அவள் பலகை இடுக்கு வழியாக அந்தக் காலி மூலைக்குள் கைநீட்டினாள்.

அதே பழைய ரோம வாடையோடு ஈரமான மூச்சு ஒன்று உள்ளங்கையில் பட்டது. பிறகு ஒரு சொரசொரப்பான நாக்கு.

அவள் கையை எடுக்கவில்லை.