யாரோ வெட்டி வைத்த கட்டு

ஒர்னெல்லா கண் விழித்தபோது சீட்டுக்கட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது.

தூங்கியது பத்து நிமிடம் இருக்கலாம். ஏழாம் மாதம் என்பதால் படுத்தால் இடுப்பு வலித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை நாற்காலியிலேயே, வயிறு மேஜை விளிம்பில் இடிக்க, கண்ணை மூடிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. அடுப்பில் எலும்பு சூப் மெல்லக் கொதிக்கும் ஓசை, கொழுப்பும் செலரியும் கலந்த அதன் வாசனை, கீழே தெருவோரத் தூண்நடையில் பனிமூட்டத்துக்குள் யாருடையவை என்று தெரியாமல் கடந்து போகும் காலடிகள், இவற்றுக்கு நடுவே அவள் கண்ணயர்ந்தபோது குறி பார்க்கும் டாரட் கட்டு பச்சைத் துணியில் சுற்றியபடி எதிரே இருந்தது. இப்போது துணி விரிந்து கிடந்தது. கட்டின் மேற்பாதி ஒரு விரல் இடைவெளி விட்டுப் பக்கத்தில் இருந்தது. கலைந்து சரிந்த சீட்டு அப்படி நிற்காது. குறி கேட்க வருகிறவர்கள் இடது கையால் வெட்டி வைப்பதைப் போலவே இருந்தது.

மேஜையில் சிந்திய சர்க்கரையைத் துடைப்பதுபோல, யோசிக்காமல், கீழ்ப்பாதியை எடுத்து மேற்பாதியின்மேல் வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் கை நின்றது. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்தில் சீட்டுப் பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் முறை ஒன்றுதான். வெட்டியவருக்குத்தான் சீட்டு. வெட்டிய கட்டைச் சேர்த்து வைத்தால், பார்ப்பவள் ஒப்புக்கொண்டாள் என்று பொருள். அதன்பின் மூன்று சீட்டைத் திருப்பி, வாயில் முதலில் வருவதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. யாருக்குச் சொல்வது? அவள் கட்டைத் துணியில் சுற்றினாள். மேல் சீட்டின் முதுகில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். மாவு.

மாவு என்றால் இயோலே. கணவன் எர்மெஸின் மூத்த சகோதரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், இந்த வீட்டிலேயே பிறந்தவள். தினமும் காலையில் இதே மேஜையில் முட்டை போட்ட மாவை மேஜை நீளத்துக்குத் தேய்ப்பாள். எவ்வளவு துடைத்தாலும் மரத்தின் வரிகளில் மெல்லிய வெள்ளை தங்கிவிடும்.

"அண்ணி, என் சீட்டைத் தொட்டீங்களா?"

"தொட்டுட்டு எவ மூணு தடவை கை கழுவறது? அந்தப் பேய்க் கட்டை இடுக்கியாலகூடத் தொட மாட்டேன்."

"மேல மாவு இருக்கே."

"இந்த வீட்டுல எதுல மாவு இல்ல? என் மூக்குலயும்தான் இருக்கு. என் மூக்கு வந்து சீட்டு வெட்டிச்சா?"

ஒர்னெல்லா சிரிக்கவில்லை. இரண்டாவது குழந்தையும் தங்காமல் போன அன்று, ஆஸ்பத்திரி நடையில் வைத்து இதே குரல் கேட்டது: "ஊர்ல உள்ளவ வயித்தையெல்லாம் பார்த்துச் சொல்றியே, உன்னோடதை ஏன் பார்க்கல?" பார்க்கக் கூடாது. தனக்குத் தானே வெட்டக் கூடாது, தன் ரத்தத்துக்கும் பார்க்கக் கூடாது. அது இயோலேக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். இந்த மூன்றாவது முறையில் அவள் ஒரு முழம் கம்பளி நூல்கூட வாங்கவில்லை. தொட்டில் போட வேண்டிய சின்ன அறையில் மாவு மூட்டையும் பலகையும் ஊறுகாய் ஜாடிகளும் அப்படியே இருந்தன. காலி செய்யச் சொன்னால், "பொறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பாள். எர்மெஸ் லாரி ஓட்டிக்கொண்டு ஜெர்மனி போனால் சனிக்கிழமைதான் திரும்புவான். அதுவரை இந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

மறுநாள், மேல்மாடியில் குடியிருக்கும் வாந்தா வந்தாள். கணவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கவலை. இடது கையால் வெட்டினாள். ஒர்னெல்லா சேர்த்து வைத்து மூன்றைத் திருப்பினாள். சீட்டின் அர்த்தங்களை அவள் மனப்பாடம் செய்தவள் அல்ல. படங்களைப் பார்ப்பாள், நாக்கில் ஒன்று வந்து உட்காரும், அதை மாற்றாமல் சொல்வாள். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

"வெங்காயம்," என்றாள்.

"என்னது?"

"அதுதான் வருது, சிஞ்ஞோரா. வெங்காயம்."

வாந்தா வாயைப் பிளந்தாள். "பால்கனியில வெங்காயக் கூடை! அதுக்குள்ளதான் சிகரெட்டை ஒளிச்சு வைக்கிறானா, திருட்டுப் பய! டாக்டர் என்ன சொன்னாரு, இவன் என்ன பண்றான் பாரு!"

சிரித்துக்கொண்டிருந்தபோதே மேஜை லேசாக அதிர்ந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தள்ளு. வாந்தா எட்டிக் கை வைத்துப் பார்த்தாள்.

"இது உதை இல்லடி. கையால தள்ளுது. இந்தப் பக்கமா பாரு. இடது கைக்காரன் போல."

அவள் போன பிறகு ஒர்னெல்லா கண்ணயர்ந்தாள். விழித்தபோது கட்டு மறுபடி வெட்டியிருந்தது. மனம் தடுப்பதற்குள் கை சேர்த்து வைத்துவிட்டது. சீட்டின் முதுகில் இந்த முறை மூன்று வெள்ளைப் புள்ளிகள். சின்ன அறைக்குள் இயோலே ஏதோ முணுமுணுத்தபடி ஜாடிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. அங்கிருந்து மேஜைக்கு நாலே எட்டு.

இயோலே என்ன கேட்கிறாள் என்பதும் அப்போது ஒர்னெல்லாவுக்குப் புரிந்ததுபோல் இருந்தது. வாய்விட்டுக் கேட்க முடியாததைக் கட்டை வெட்டிக் கேட்கிறாள். இதுவும் தங்காமல் போகுமா? அறை எனக்கே இருக்குமா?

வியாழக்கிழமை பனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றது. எதிர் வீடு இல்லை. தெரு இல்லை. தூண்நடை விளக்குகளைப் பகல் ஒரு மணிக்கே ஏற்றியிருந்தார்கள். அவை பாலில் விழுந்த மஞ்சள் கருக்களைப் போல மிதந்தன. தூங்குவதுபோல் நடித்துக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஒர்னெல்லா முடிவு செய்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். வயிறு விளிம்பில் பட்டது. இமையை மூடி மூச்சை நீளமாக விட்டாள். சூப்பின் கொதி. குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. எப்போது நிஜமாகவே தூங்கிப்போனாள் என்று பின்னாளில் எத்தனை முறை எண்ணிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

டப்.

சீட்டு அடுக்கு மரத்தில் அமரும் சத்தம்.

கண்ணைத் திறந்தாள். ஆள் இல்லை. கட்டு இரண்டாக இருந்தது. சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது. காலையில் அது திறந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அதன் பின்னால்தான் நிற்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு.

ஒர்னெல்லாவின் காதுமடல் சுட்டது. கட்டைச் சேர்த்தாள். இந்த முறை தெரிந்தே சேர்த்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

நட்சத்திரம். சூரியன். உலகம்.

இப்படி நல்ல சீட்டு மூன்றும் ஒன்றாக அவள் பார்த்ததே இல்லை. நாக்கில் வந்து உட்கார்ந்த சொல் வெதுவெதுப்பாக இருந்தது. வா. கதவு திறந்திருக்கு. அவ்வளவுதான். சொல்லிவிட்டால் முடிந்தது.

இவளுக்கா? இவளுக்கா இதைச் சொல்வது?

அந்தச் சொல்லை விழுங்கினாள். சாத்திய கதவைப் பார்த்து, உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ கேட்கறது நடக்காது. இந்த வீட்டுல உனக்கு இடம் இல்ல. வந்த வழியே போயிடு."

சூப்பின் கொதி நின்றதுபோல் இருந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. ஒரே ஒரு முறை, மெதுவாக.

பிறகு சாவி திரும்பும் சத்தம்.

வாசல் கதவில்.

இயோலே உள்ளே வந்தாள். கோட்டிலும் புருவத்திலும் பனி. கதவைச் சாத்தக்கூட மறந்து, ஒரு காகிதப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"மூஞ்சிக்கு முன்னால கை தெரியல, பொண்ணே. தூணைத் தடவித் தடவி வந்தேன். இந்தா, வெள்ளைக் கம்பளி நூல். முப்பது வாரம் தாண்டிடுச்சுல்ல, இனிமே வாங்கினா ஒண்ணும் ஆகாது. முன்னாடியே வாங்கிடுவோமோன்னு பயந்து பயந்து இத்தனை நாள் அந்தக் கடைப் பக்கமே நான் போகல. நாளைக்கு அந்த ரூமையும் காலி பண்ணிடறேன். ஏன் அப்படிப் பார்க்கற?"

"எப்ப வெளியே போனீங்க?"

"ரெண்டு மணிக்கு. மாவுல பூச்சி வருதுன்னு அந்தக் கதவை இழுத்துச் சாத்திட்டுப் போனேன். நீ குறட்டை விட்டுட்டிருந்த."

ஒர்னெல்லா எழுந்து சின்ன அறையைத் திறந்தாள். மூட்டை. பலகை. ஜாடிகள். வேறு யாரும் இல்லை.

திரும்பினாள். நின்ற இடத்திலிருந்து, ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் சாய்வாக விழ, மேஜையின் வெண்மை முழுதும் தெரிந்தது.

அதில் கைத்தடம்.

இயோலேயின் கை அல்ல. யாருடைய கையும் அல்ல. வாதுமைக் கொட்டை அளவு உள்ளங்கை. ஐந்து விரல். இடது கை.

ஒன்றல்ல, வரிசையாக. அவளுடைய நாற்காலிப் பக்கம், வயிறு பட்ட விளிம்பில் அது தொடங்கியது. அங்கிருந்து கட்டுக்கு.

கட்டிலிருந்து எதிர் விளிம்புக்கு.

பிறகு தரை. சிவப்பு ஓடுகளின் மேல் வெள்ளையாக. இயோலேயின் ஈரச் செருப்பைச் சுற்றிக்கொண்டு. வாசலுக்கு.

"ஒர்னெல்லா," என்றாள் இயோலே. அவளும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பை கையிலிருந்து நழுவியது. "இது என்ன? பொண்ணே, என்ன இது?"

ஒர்னெல்லா இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தாள். அழுத்தினாள். இடது பக்கம், எப்போதும் தள்ளுகிற இடம். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள்.

எதுவும் தள்ளவில்லை.

"வா," என்றாள். "வா. கதவு திறந்திருக்கு."

திறந்துதான் இருந்தது. பனி படியேறி வந்து நிலைக்கல்லில் தவழ்ந்தது. தடங்கள் அதுவரைதான். எல்லாவற்றின் விரல்களும் வெளியே பார்த்திருந்தன.

நிலைக்கல்லில் கடைசியாக இருந்த ஒன்று மட்டும் வீட்டைப் பார்த்திருந்தது.