பொட்டுவுக்கு ஒரு பரிசோதனை

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது தினேஸ்வரிக்குப் புதிதல்ல.

தமிழ்ப்பள்ளியின் பின்புறம் புதிதாக ஒரு கோழிக்கூண்டு கட்டியிருந்தார்கள். "கூண்டு தயார். குஞ்சுக்கு எங்க போறது?" என்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை கேட்டார்.

"எங்க வீட்டுலேருந்து நான் கொண்டு வாரேன், டீச்சர்." ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து அவள் குரல்தான் கேட்டது.

"நல்லது. ஆனா சின்னப் பிள்ளைங்க தொட்டு விளையாடுற இடம். உங்க கோழிங்களுக்கு நோய் இல்லைன்னு கால்நடை டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கணும். முடியுமா?"

"முடியும், டீச்சர்" என்றாள் தினேஸ்வரி. எப்படி வாங்குவது என்று அவளுக்குத் தெரியாது.

அவள் வீடு கோப்பெங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருந்தது. பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டு வெகுகாலமாகிவிட்டது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சமிருந்த ஒன்றில் அவளும் அம்மா கலாதேவியும் இருந்தார்கள். வீட்டைச் சுற்றி எப்போதும் கம்பத்து நாட்டுக்கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "போன தடவை தங்கம் பொரிச்ச குஞ்செல்லாம் என்னாச்சுன்னு மறந்துட்டியா?"

தினேஸ்வரி மறக்கவில்லை. பஞ்சுருண்டை போல ஓடித் திரிந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தூங்கி வழிந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மழைதான் காரணம் என்றார்கள். தாய்க்கோழி தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பொன்னிறத்தில் பளபளவென்று, நன்றாகத் தின்றுகொண்டு திரிந்தது.

இருந்தாலும் அம்மா கால்நடை இலாகாவுக்குப் போன் செய்தாள். அந்தச் சனிக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து டாக்டர் சுபாஜினி வந்து இறங்கினார். மேலே வெள்ளைக் கோட், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு நீலப் பெட்டி. வாசலிலேயே பூட்ஸுக்கு மருந்துத் தண்ணீர் அடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

கோழி பிடிக்கப் பக்கத்து வீட்டுச் சீனி அண்ணன் வந்திருந்தார். சேவல் அவர் தலைமேல் ஏறித் தாவிப் போனது. "சுசா லா, பெரிய தொல்லை இதுங்களோட" என்று அவர் தொப்பியைத் தேடினார்.

"எல்லாக் கோழியும் இதுல இருக்கா?" கூடைகளைப் பார்த்து டாக்டர் கேட்டார்.

அம்மா தினேஸ்வரியைப் பார்த்தாள். தினேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

கூடையில் இல்லாத கோழி ஒன்று உண்டு. அதன் பெயர் பொட்டு. வீட்டுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடம் பாழடைந்து கிடந்தது. அதற்குள் தன் முட்டைகள்மேல் பொட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. "புது ஆள் போய்க் கையை வச்சா மிரண்டு எழுந்து ஓடிடும். முட்டை குளுந்து போச்சுன்னா அவ்வளவுதான். அதைப் பத்தி வாயே திறக்காதே" என்று அம்மா முதல்நாளே சொல்லி வைத்திருந்தாள்.

"இருக்கு, டாக்டர்" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தட்டை மேசைமேல் வைத்தார். சின்னப் புட்டியிலிருந்து ஊதா நிற மருந்தை ஒரு சொட்டு விட்டார். முதல் கோழியின் இறக்கையை விரித்தார். சிறகுக்கடியில் மெல்லிய தோல். அதற்குள் ஒரு நீல நரம்பு. ஊசி முனையால் தொட்டதும் ஒரு முத்து ரத்தம் வந்தது. அதை ஊதாச் சொட்டோடு கலந்து தட்டை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார்.

"இப்ப என்ன நடக்கும், டாக்டர்?"

"ஒண்ணுமே நடக்கக்கூடாது. அதான் நமக்கு வேணும்."

ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு அப்படியே வழவழப்பாக இருந்தது. அடுத்த கோழி, அதற்கடுத்த கோழி, சேவல். எல்லாம் வழவழப்பு.

கடைசியாகத் தங்கம். "இதைப் பார்க்கணுமா டாக்டர்? தோட்டத்துலேயே அழகான கோழி இதுதான் லா" என்றார் சீனி அண்ணன்.

டாக்டர் தட்டை ஆட்டினார். தினேஸ்வரி குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சொட்டுக்குள் ஏதோ அசைந்தது. ஊதா நிறம் துகள் துகளாக ஒன்றுசேர்ந்தது. பால் திரிவது போல, அவள் கண்ணெதிரிலேயே, சொட்டு முழுவதும் திரிதிரியாகப் பிரிந்து நின்றது.

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார்.

"இதோட உடம்புல ஒரு கிருமி இருக்கு" என்றார் டாக்டர். "தாய்க்கோழியை அது ஒண்ணும் செய்யாது. ஒளிஞ்சிருக்கும். முட்டை வழியாப் போய்க் குஞ்சைப் பிடிச்சிடும்."

தினேஸ்வரி தங்கத்தைப் பார்த்தாள். யார் கண்ணிலும் படாத ஒன்று தங்கத்துக்குள் இத்தனை நாளாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு சொட்டு ரத்தம் அதை வெளியே காட்டிவிட்டது. குஞ்சுகளைக் கொன்றது மழை இல்லை.

அப்போதுதான் புகைக்கூடம் அவள் நினைவுக்கு வந்தது. பொட்டுவுக்குள்ளும் அது ஒளிந்திருந்தால்? அந்தக் குஞ்சுகளைத்தானே பள்ளிக்குக் கொண்டுபோகப் போகிறாள்? முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கையில்தானே கொடுக்கப் போகிறாள்?

"டாக்டர்" என்றாள். அம்மா பக்கம் திரும்பவில்லை. "இன்னொரு கோழி இருக்கு. அடைகாக்குது. எழுப்பினா முட்டை வீணாப் போயிடும்னுதான் சொல்லலை."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. "எழுப்பாம எடுக்க முடியுமான்னு பார்க்கலாம். அது யாருகிட்ட பழகும்?"

"என்கிட்ட மட்டும்தான். வெள்ளையா எதுனாச்சும் ஆடுனா பயந்துக்கும். உங்க கோட்டைக் கழட்டிடறீங்களா?"

டாக்டர் உடனே கழற்றிச் சீனி அண்ணன் கையில் கொடுத்தார்.

புகைக்கூடத்துக்குள் பகலிலும் அரையிருட்டு. சுவரெல்லாம் பழைய புகைக்கரி. மூலையில் காய்ந்த இலைகள்மேல் பொட்டு உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்த கறுப்புப் புள்ளிகூட அசையவில்லை. ஆளைக் கண்டதும் சிறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

"நான்தான் பொட்டு. நான்தான்" என்று முணுமுணுத்தபடி தினேஸ்வரி மண்டியிட்டாள். பொட்டு அவள் புறங்கையை நறுக்கென்று கொத்தியது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் கையை இழுக்கவில்லை. அந்தக் கையாலேயே பொட்டுவின் கண்களை மெல்ல மூடினாள். இருட்டானதும் பொட்டுவின் உடம்பு தளர்ந்தது. மறு கையால் இறக்கையை விசிறி போல விரித்தாள்.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசி முனையால் தொட்டார். ஒரு முத்து ரத்தம். முடிந்துவிட்டது. பொட்டு எழுந்திருக்கவேயில்லை.

ஓரத்திலிருந்த ஒரு முட்டையை டாக்டர் கண்ணால் காட்டினார். "காதுகிட்ட வச்சுப் பாரு" என்று கிசுகிசுத்தார்.

முட்டை கதகதப்பாக இருந்தது. தினேஸ்வரி அதைக் காதோடு சேர்த்து வைத்தாள். முதலில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. பிறகு, ஓட்டுக்கு உள்ளிருந்து, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல ஒரு சின்னக் குரல்.

கீச்.

தினேஸ்வரி ஆடாமல் அசையாமல் இருந்தாள். உலகத்துக்கு இன்னும் வராத ஒரு உயிர் அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது. பிறகு முட்டையை மெல்லப் பொட்டுவின் அடியில் திரும்ப வைத்தாள்.

வெளியே வந்ததும் டாக்டர் தட்டை ஆட்டினார். அம்மா, சீனி அண்ணன், தினேஸ்வரி மூன்று பேர் தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஒன்றுமே நடக்கவில்லை. சொட்டு வழவழப்பாக, அமைதியாக இருந்தது.

"பொட்டு சுத்தம்" என்றார் டாக்டர்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மன்னிச்சுக்குங்க, டாக்டர். நான்தான் மறைக்கச் சொன்னேன்."

"தாப்பா லா, பரவாயில்லை அக்கா. உங்க பொண்ணு சொல்லிட்டாளே."

தங்கம் டாக்டரோடு போனது. அது திரும்பி வராது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். வண்டி ஏறுமுன் தினேஸ்வரி அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "உன் மேல தப்பில்ல" என்றாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கொஞ்சநேரம் அழுதாள்.

கோழிக்கொட்டாயைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். முட்டைகள் பொரிந்ததும் பொட்டுவையும் குஞ்சுகளையும் தனியே வைத்தார்கள். டாக்டர் சொன்னபடி சில வாரம் கழித்து மறுபடி வந்தார். குஞ்சுகளையும் பார்த்தார். கோழிகள் ஒவ்வொன்றின் ரத்தத்தையும் மறுபடி ஊதா மருந்தோடு கலந்தார். எல்லாச் சொட்டும் வழவழப்பு. சான்றிதழ் கிடைத்தது.

திங்கட்கிழமை தினேஸ்வரி ஒரு அட்டைப்பெட்டியோடு பள்ளிக்குப் போனாள். கூண்டுக்கதவைத் திறந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். எப்போதும் சந்தைக்கடை போல இரையும் முதலாம் வகுப்பு கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. ஒரு குஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையை அண்ணாந்து விழுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் தலையை அண்ணாந்து எச்சிலை விழுங்கினார்கள்.

மணி அடித்தது. யாரும் வகுப்புக்குப் போகவில்லை. தலைமையாசிரியையும் போகவில்லை.