அறுபத்திரண்டாவது ஓட்டம்

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. காலை 6.20.

ஓட்டத்தை முடித்துவிட்டு ஷூவுக்குள் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது மதுமதிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. நின்றபடியே படித்தாள். பிறகு மைல்கல் மேல் உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

'பிப்ரவரி 8 அன்று நீங்கள் பதிவு செய்திருக்கும் 11.4 கிலோமீட்டர், இருபது நிமிடங்களில் கடக்கப்பட்டுள்ளது. இது வாகனத்தில் சென்றதாகவே தெரிகிறது. இன்று மாலை 5 மணிக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் உங்கள் விண்ணப்பம் நீக்கப்படும்.'

சென்னை அறக்கட்டளை ஒன்று மாவட்டத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து ஊட்டியில் ஓராண்டு பயிற்சி கொடுக்கிறது. மூன்று மாத ஓட்டப் பதிவுதான் தேர்வுக்கு அடிப்படை. மதுமதி கடலாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வயது இருபத்துமூன்று. வாலிநோக்கத்தில் உப்புப் பொட்டலம் போடும் ஆலையில் வேலை. அம்மா பஞ்சம்மாளுக்கு மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை. இரண்டாம் கையாக வாங்கிய ஒரு ஓட்டக் கடிகாரம்தான் மதுமதியிடம் இருந்த ஒரே ஆடம்பரம்.

அன்றைக்கு ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடலாடிக்குப் பஸ் ஏறினாள்.

காலை 8.45.

கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் அஃபீஃபா. கடிகாரம் போனோடு சேரவில்லை என்றால் அந்த வட்டாரத்து ஓட்டக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

"அழுகாம சொல்லு. அன்னிக்கு ஓடுனியா இல்லியா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கெழமைதான் எல்லாரும் சேந்து ஓடுவோம், அஞ்சு பத்துக்கு. அன்னிக்கு மட்டும் நான் போகல. காளிதாஸ் மாமாவோட அக்கா மகளுக்குக் காதுகுத்து."

"வாட்ச்சும் போனும் சரியாச் சேராத சிங்க் கோளாறா இருக்குமோன்னு பாக்குறேன். பழைய ஆப்ல இருந்து எறக்குன ஃபைலு இருக்கா?"

இருந்தது. மதுமதி பயன்படுத்திய பழைய செயலி பிப்ரவரியோடு மூடப்பட்டது. அறக்கட்டளை கேட்டதும் வேறொரு செயலியின் பதிவைத்தான். அதனால் பழைய ஓட்டங்களையெல்லாம் மொத்தமாக இறக்கி, மார்ச் 1 அன்று புதியதில் ஏற்றியிருந்தார்கள்.

அஃபீஃபா மார்ச் 1 வரைக்குமான ஓட்டங்களை இரண்டிலும் ஒப்பிட்டு எண்ணினாள். பழையதில் 61 ஓட்டங்கள். புதியதில் 62.

"கூட ஒன்னு வந்திருக்கு," என்றாள் மதுமதி. "போன வருசம் இப்படித்தான் எல்லாம் ரெட்டையாக் காட்டுச்சு."

"அது வாட்ச்சும் போனும் ஒரே ஓட்டத்த தனித்தனியா அனுப்புனா வாரது. ரெட்டைன்னா ஒன்னப்போல இன்னொன்னு இருக்கணும். இது மாதிரி இன்னொன்னு உன் கணக்குலயே இல்ல. இத யாரோ ஃபைலாக் கொண்டாந்து ஏத்திருக்காங்க."

கூடுதலாக இருந்த பதிவைத் திறந்தாள். பிப்ரவரி 8, காலை 10.40. வாலிநோக்கம் உப்பளச் சாலை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான வேகம். ஏற்றப்பட்ட விதம்: கோப்பு. யார் ஏற்றினார்கள் என்ற விவரம் அதில் இல்லை.

"உன் லாக்இன் யார் யாருகிட்ட இருக்கு?"

மதுமதி தயங்கித் தயங்கி மூன்று பெயர்களைச் சொன்னாள். இ-சேவை மையம் நடத்தும் நாகேந்திரன். கடிதாசு முதல் கடவுச்சொல் வரை தெரிந்த முறைமாப்பிள்ளை காளிதாஸ். கூட ஓடும் மாலதி. இந்த மாதத் தொடக்கத்தில் மதுமதியின் போன் மக்கர் செய்தபோது, மாலதியின் போனில் உள்நுழைந்துதான் கடிகாரத்திலிருந்த ஓட்டங்களை அனுப்பியிருந்தாள்.

"மாலதியக்கா இப்படிச் செய்ய மாட்டாங்க. மொத ஷூ குடுத்ததே அவங்கதான். அம்மா அவங்க தோட்டத்துலதான வேலை பாக்குது."

"நீ இங்கனயே இரு. நான் போயிட்டு வாரேன்."

காலை 10.15.

நாகேந்திரன் ஒரு காலத்தில் மாவட்டத்திலேயே வேகமான ஓட்டக்காரர். முழங்கால் தசைநார் கிழிந்த பிறகு ஓட்டம் நின்றது. இப்போது குழுவினரின் பதிவுகளையெல்லாம் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"ஏத்துனது நீங்கதானண்ணே?"

"நானேதான். அறுபத்தொன்னு ஏத்துனேன். அன்னிக்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டு இந்தா இருக்கு."

"அதுக்கப்புறம் ஒன்னு ஏத்தியிருக்கலாம்ல?"

"ஏத்தலாம். லாக்இன் இதே கம்ப்யூட்டர்லதான் கெடக்கு." அவர் கோபப்படவில்லை. "என்னயச் சந்தேகப்படுறது நாயந்தான்."

"ஏத்துறப்ப ஏதும் சிக்கல் வந்துச்சா?"

"மொதத் தடவ ஏத்துனப்ப எல்லாரும் உச்சி வெயில்ல ஓடுன மாதிரி காட்டுச்சு தங்கச்சி. பழைய ஆப் நம்ம ஊரு நேரத்த எழுதிக் குடுத்திருக்கு. புது ஆப் அத உலகப் பொது நேரம்னு எடுத்துக்கிட்டு அஞ்சரை மணி நேரத்தக் கூட்டிருச்சு. எல்லாத்தையும் அழிச்சு, நேரத்தச் சரிபண்ணி மறுபடி ஏத்துனேன். அப்புறந்தான் எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுனேன்."

கிளம்ப எழுந்த அஃபீஃபா நின்றாள். "ஒன்னு கேட்டா வருத்தப்படாதீங்க. மதுமதி மேல பொறாமை இருக்காண்ணே?"

நாகேந்திரன் மேசைக்கு அடியில் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இருக்கு. இருபது பேரு ஓடுனத நான் ஒக்காந்துக்கிட்டு ஏத்துறேன். ஒவ்வொருத்தரும் எத்தனை நிமிசத்துல ஓடுனாங்கன்னு எனக்குத்தான் மொதல்ல தெரியும். பாத்துட்டு, நானா இருந்தா இன்னும் ரெண்டு நிமிசம் கொறச்சிருப்பேன்னு நெனப்பேன். நெனக்கிறதோட சரி."

காலை 11.30.

காளிதாஸ் உப்பு மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். உப்பளச் சாலையில் தினமும் நான்கு நடை. வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்தான்.

"நான் செஞ்சேன்னு அவ சொன்னாளா?"

"சொல்லல. நான்தான் கேக்கேன். அவ ஊட்டிக்குப் போறது உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்கல," என்றான் உடனே. "ஒரு வருசம் கல்யாணம் தள்ளிப்போகுது. அங்கன எவனெவன் கூடவோ ஓடணும். நான் எட்டாப்போட படிப்ப நிறுத்துனவன். நாளைக்கு அவ என்னயத் திரும்பிப் பாப்பாளா? தூக்கம் வரமாட்டேங்குதுக்கா, போதுமா?"

"பிப்ரவரி எட்டு, பத்து நாப்பதுக்கு எங்க இருந்த?"

அவன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். தாய்மாமனான அவன் மடியில் மொட்டைத்தலைக் குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் தட்டைப் பிடித்தபடி மதுமதி நிற்கிறாள். படம் எடுத்த நேரம் 10.43.

"அவளப் போட்டுக் குடுக்கணும்னா, இருநூறு பேருக்கு முன்னால அவ எம் பக்கத்துல நின்ன நாளையா பொறுக்கி எடுப்பேன்?"

பதில் நியாயமாகவே இருந்தது. ஆனால் அந்தப் படம் அறக்கட்டளைக்குப் போதாது. கடிகாரத்தை வேறு யாருக்காவது கட்டிவிட்டு வண்டியில் அனுப்பியிருக்கலாமே என்பார்கள்.

பகல் 12.40.

மாலதியின் வீடு ஊரின் மேற்கே, தோட்டத்தை ஒட்டி. வயது இருபத்தொன்பது. மதுமதி வருவதற்கு முன்பு குழுவில் அவளை முந்த ஒரு பெண்ணும் கிடையாது. இதே தேர்வுக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். பதிவுப்படி இரண்டாவது இடம்.

"வாங்க, மோர் குடிங்க. பாவம் அந்தப் புள்ள. எனக்கும் காலையில போன் பண்ணி, வண்டியில போனேன்னு பிப்ரவரி எட்டாந்தேதிக்கு மெயில் போட்டுருக்காங்கக்கான்னு அழுதா. சிங்க் கோளாறுன்னு எழுதிப் போட்டா விட்டுருவாங்கல்ல?"

"கோளாறு இல்ல மாலதி. யாரோ ஏத்தியிருக்காங்க."

மாலதி டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அப்ப ஒன்னு சொல்லட்டுமா? நீங்க அவளையே கேட்டுப் பாத்தீங்களா? மொதலாவதா வரணும்னு வெறியா இருந்தா. வண்டியில ஒக்காந்து போயிருந்தாலும் போயிருப்பா. உப்பளத்து ரோட்டுல அந்த இருட்டுல யாரு பாக்கப் போறா?"

"நீங்க அன்னிக்கு ஓடுனீங்களா?"

"எல்லாரோடயும் ஓடுனேன். அவதான் வரல."

"ஏன் வரலன்னு கேட்டீங்களா?"

"வேலக்காரி மக வந்தா என்ன, வராட்டி என்ன? நான் எதுக்குக் கேக்கணும்?" சொன்னபிறகு அவளே சட்டென்று சிரித்தாள். "வெளையாட்டுக்குச் சொன்னேன். அவ லாக்இன்ன அப்பவே எம் போன்ல இருந்து எடுத்துட்டேன், பாத்துக்கங்க."

பகல் 2.10.

அஃபீஃபா லுஹர் தொழுதுவிட்டு வந்து அந்தப் பதிவை மறுபடி திறந்தாள். 10.40. அந்த எண்ணையே பார்த்தபடி இருந்தாள். அதிலிருந்து ஐந்தரையைக் கழித்தாள்.

"யா அல்லாஹ்," என்று மெல்லச் சொன்னாள்.

பிறகு மூன்று பேருக்கும் போன் செய்தாள். மதுமதிக்காக விளக்கக் கடிதம் எழுத வேண்டும், மூன்றரைக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

பகல் 3.35.

கடையின் ஷட்டர் பாதி இறக்கப்பட்டிருந்தது. நாகேந்திரன் ஸ்டூலில், காளிதாஸ் சுவரோரம், மாலதி நாற்காலியில். மதுமதி நின்றுகொண்டிருந்தாள்.

"இதச் செஞ்சவங்க வண்டியில வாட்ச்சக் கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க," என்றாள் அஃபீஃபா. "மார்ச் ஒன்னாந்தேதி அறுபத்தொன்னுதான் இருந்துச்சு, அதனால இது இந்த மாச வேலதான். அத பழைய தேதிக்கு மாத்தணும். நெட்டுல அதுக்குன்னே பக்கம் இருக்கு. தேதியும் நேரமும் கேக்கும், போட்டாப் போதும். பிப்ரவரி எட்ட ஏன் எடுத்தாங்க? ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டம் இருந்தா ஆப் ஏத்துக்காது. மதுமதி ஓடாத ஒரு ஞாயித்துக்கெழம வேணும். செஞ்சவங்களுக்கு அவ ஓடலன்னு தெரியும், ஏன் ஓடலன்னு தெரியாது. காளிதாஸுக்கு ரெண்டுமே தெரியும்."

காளிதாஸ் மூச்சு விட்டான்.

"நேரம் என்ன போட்டாங்க? ஞாயித்துக்கெழம எல்லாரும் கெளம்புற அஞ்சு பத்து. ஆனா அந்தப் பக்கம் கேட்டது உலகப் பொது நேரம். புது ஆப் அதோட அஞ்சரை மணி நேரத்தக் கூட்டி, பத்து நாப்பதுன்னு போட்டுருச்சு. நாகேந்திரண்ணே ஒருதடவ இதே குழியில விழுந்து எந்திரிச்சவரு. அவரு மறுபடி விழ மாட்டாரு."

அஃபீஃபா மாலதியின் பக்கம் திரும்பினாள்.

"மெயில்ல தேதி மட்டுந்தான் இருக்கு, நேரம் இல்ல. ஆப்பத் தொறந்து பாத்தவங்களுக்கு அது நல்ல வெயில் நேரம். மாலதி, அன்னிக்கு அஞ்சு பத்துக்கு அவ வரலன்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் எங்கிட்ட 'அந்த இருட்டுல'ன்னு சொன்னீங்க. அந்த ஓட்டம் இருட்டுல நடந்ததுன்னு நெனச்சிருக்கக்கூடிய ஆளு, நேரத்தத் தன் கையால போட்ட ஆளு மட்டுந்தான்."

முதலில் பேசியது மாலதி இல்லை.

"விட்டுருங்கக்கா," என்றாள் மதுமதி. "நான் ஊட்டிக்குப் போகல. அம்மா அவங்க தோட்டத்துலதான் பொழைக்குது. விட்டுருங்க."

"பாத்தீங்களா?" மாலதி வெடித்தாள். "இதுதான் எனக்குப் புடிக்காது! ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல என்னய முந்துவா. முந்துறப்ப 'சாரிக்கா'ன்னு சொல்லிட்டு முந்துவா. சாரியாம்! அந்தச் சாரிய நான் வீடு வரைக்கும் சொமந்துட்டுப் போவேன். என் வீட்டுக்காரரு சாப்புடுறப்ப கேப்பாரு, 'இன்னிக்கும் பஞ்சம்மா மகதான் முன்னாடியா?'ன்னு. நாலு வருசம் ஓடியிருக்கேன். இவ ஒன்றரை வருசம்." நாற்காலியை விட்டு எழுந்தாள். "போன வாரம் ஸ்கூட்டர எடுத்துட்டுப் போனேன். ஏத்தி முடிச்சதும் லாக்இன்ன எடுத்துட்டேன், என்ன நேரம் விழுந்துச்சுன்னுகூடத் திரும்பிப் பாக்கல."

சுவரில் மணி 4.05.

"இத நீங்களே எழுதணும்," என்றாள் அஃபீஃபா. "நான் எழுதுனா நம்ப மாட்டாங்க."

"எழுதுனா என் பேரும் போயிரும்."

"ஆமா. போயிரும்."

காளிதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகேந்திரன் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். மாலதி மறுபடி உட்கார்ந்து போனை எடுத்தாள். பிறகு தட்டத் தொடங்கினாள். நடுவே நிறுத்தி, நிமிராமலே சொன்னாள்.

"இப்பவும் எரியுதுடி. மன்னிப்புக் கேக்க வாய் வரல."

"எனக்கும் எரிஞ்சிருக்குக்கா," என்றாள் மதுமதி.

மாலதி நிமிர்ந்தாள்.

"நீங்க தோட்டத்துக் களத்துக்கு வாரப்ப எங்கம்மா கையில இருக்குற மெளகாயப் போட்டுட்டு எந்திரிச்சு நிக்கும். உங்களவிட இருபது வயசு மூத்தது. அன்னிக்கெல்லாம் நான் ரெண்டு மடங்கு ஓடுவேன். 'சாரி' சொன்னது வாய்தான். காலு ஒரு நாளும் சொல்லல."

மாலதி எழுதியதை முடித்து, அறக்கட்டளைக்கு அனுப்பினாள். மணி 4.48. கடையை விட்டு இறங்கும்போது, "நாளைக்கு பஞ்சம்மாவ வழக்கம்போல வரச்சொல்லு," என்று மட்டும் சொன்னாள்.

மாலை 6.25-க்குப் பதில் வந்தது. அறுபத்திரண்டாவது பதிவு நீக்கப்பட்டது. மற்ற அறுபத்தொன்றும் ஏற்கப்பட்டன. மாலதியின் விண்ணப்பம் தள்ளுபடி.

மதுமதி ஏப்ரல் இரண்டாம் வாரம் ஊட்டிக்குப் புறப்பட்டாள். பரமக்குடி வரை காளிதாஸ் தன் லோடு வண்டியிலேயே கொண்டுபோய் விட்டான். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து கேட்டான்: "தினமும் ஓடுறத நானும் பாக்குற மாதிரி அந்த ஆப்ப எம் போன்லயும் போட்டுக் குடுத்துட்டுப் போகலாம்ல?"

மதுமதி கடவுச்சொல்லை மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் ஜன்னல் வழியே குனிந்து சொன்னாள்:

"போன் பண்ணுறேன் மாமா. கேட்டுக்க."