பூதிநங்கை வெட்டிய யவனக்காசு

வெள்ளாற்றின்மேல் முழுநிலவு எழுந்துகொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், நாணற்புதர்களும் மணல்திட்டுகளும் பால் தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்க, அக்கரையில் பகைவரின் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, நீர்மாடக்கோட்டையின் மேல்மாடத்தில் தன்னந்தனியே நின்றிருந்தாள் பூதிநங்கை. நிலவை ரசிக்கவா நின்றாள்? அட, அதற்கெல்லாம் அவளுக்கு மனம் ஏது, அன்பு வாசகர்களே! கோட்டைத் தலைவனான அவள் கணவன் விடங்கன் வடக்கே போருக்குப் போனதிலிருந்து அவளுக்குப் பேச்சுத்துணை ஒரு சந்தனப் பேழை நிறையப் பழங்காசுகள்தாம். வில் பொறித்தவை, கயல் பொறித்தவை, கடல் கடந்து வந்த யவன மன்னர்களின் கூர்மூக்கு முகங்கள்! எடையும் ஒலியும் தேய்மானமும் பார்த்து அவள் மெய்யென்றால் மெய், பொய்யென்றால் பொய். மெய்க்காசைப் பொய்யென்று ஒருநாளும் சொன்னதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

படைமுதலி ஏனாதி நம்பர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "அம்மணி, பகைவரின் தூதன் வந்திருக்கிறான். சபை கூடிவிட்டது."

சபையில் தூதன் கடம்பராயன் வணங்கி நின்றான். "தேவி! தங்கள் கணவர் களத்தில் வீரசுவர்க்கம் எய்தினார். இது அவர் கழுத்தில் கிடந்த காசு. தங்கள் வீரர்கள் செய்த சத்தியம் இன்றோடு தீர்ந்தது. கதவைத் திறக்கச் சொல்லுங்கள்."

விடங்கன் உயிரோடிருக்கும்வரை கதவைத் திறவோம் என்பதே அந்தச் சத்தியம். திறந்தால் என்ன ஆகும்? போன மாதம் பகைவரை நம்பிக் கதவு திறந்த கீழைக்கோட்டை சாம்பலாய்க் கிடக்கிறது. இங்கேயோ சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு தஞ்சம் புகுந்திருந்தார்கள்; உதவிப்படை இன்னும் வழியில்தான் இருந்தது.

பூதிநங்கை காசை வாங்கினாள். பிரியும்போது அவள் விடங்கனுக்கு அணிவித்த காசில், யவன மன்னன் முகத்தின் காதுக்குக் கீழே அவளே உளியால் ஒரு சிறு தடம் செதுக்கியிருந்தாள். அச்செடுத்து வார்த்த போலியில் அத்தடத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். அவள் நகம் மெல்ல அதன்மேல் ஓடியது. விளிம்பு சுருக்கென்று இடறியது. ஐயோ, அவளுடைய காசேதான்! அவளுடைய விடங்கன் இனி வரப்போவதில்லை.

அலறத்தான் வந்தது. அவள் அலறவில்லை.

"வார்த்தெடுத்த போலி," என்றாள். "விளிம்பு மழுங்கிக் கிடக்கிறது."

"தேவி! பத்தரைமாற்றுத் தங்கம்!"

"தங்கத்தைக் குறை சொன்னேனா, தூதரே? தங்கம் மெய். காசுதான் பொய்."

"என் கையாலேயே அவர் கழுத்திலிருந்து அவிழ்த்தேன்! வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்!" என்று துடித்தான் கடம்பராயன். பாவம், அன்று அந்தச் சபையில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

பொய்க்காசென்று தீர்ப்பானால் தீர்ப்புச் சொன்னவரே அதன் முகத்தை உளியால் வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அது நாணயம் பார்ப்போர் வழக்கம். பூதிநங்கை உளியை எடுத்தாள். வேறு கண்கள் பார்ப்பதற்குள், தன் கையால் செதுக்கிய தடத்தின்மீதே உளியை நிறுத்தி ஓங்கி அடித்தாள். தடம் மறைந்தது. "விடங்கர் வாழ்க!" என்று சபை அதிர்ந்தது. தூதன் தலைகுனிந்து வெளியேறினான்.

நம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வயிற்றில் பால் வார்த்தீர்கள், அம்மணி! தலைவர் வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், பாருங்கள்!"

"ஆமாம், சிரிப்பார்," என்றாள் அவள். "கதவு பத்திரம், நம்பரே."

மேல்மாடத்துக்குத் திரும்பி, வெட்டுண்ட காசைப் பேழைக்குள் வைத்தாள். "உம்மேல் ஆணை. இனி எந்தக் காசுக்கும் இந்த வாய் தீர்ப்புச் சொல்லாது," என்று மெல்லச் சொன்னாள். வாய்விட்டு அழ வழியில்லை. கீழே காவலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் உயிரோடிருக்கும் மகிழ்ச்சியில் தோழிப்பெண்கள் தட்டு நிறைய மல்லிகையும் குங்குமமும் ஏந்திப் படியேறி வந்தார்கள். பூதிநங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூச்சூட்டத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.