ஏழு வயதுப் பேரரசரின் படகு

கௌசிகாவுக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும். இதை அவளே ஒப்புக்கொள்வாள். என்ன, காரியம் கெட்டுப்போன பிறகுதான் ஒப்புக்கொள்வாள்.

அது 2012ஆம் ஆண்டு. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அந்தப் பள்ளித் தவணை முழுவதும் வகுப்பில் சீனாவின் கதைதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டைப் பேரரசர்கள் ஆண்டார்கள். ஒரு குடும்பம் ஆளும், விழும். இன்னொரு குடும்பம் எழும். சின், ஹான், தாங், சொங், யுவான், மிங், சிங் என்று பெரிய அரச குலங்களின் பெயர்களைப் பிள்ளைகள் ரயில் நிலையங்களின் பெயர்களைப் போல வரிசையாக ஒப்பித்தார்கள்.

தவணை முடிவில் பெற்றோர் முன்னால் ஒரு நாடகம் போட வேண்டும். எந்தக் குழுவுக்கு எந்தக் குலம் என்று ஆசிரியை மிஸ் வூ சீட்டுக் குலுக்கினார். டுவான் என்ற பையனின் குழுவுக்குச் சின் குலம் விழுந்தது.

"வெறும் பதினைந்து வருடம்தான் ஆண்டார்களா? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கே அதைவிட வயது கூட!" என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டான். வகுப்பே சிரித்தது.

கௌசிகாவின் குழுவுக்குச் சொங் குலம். அதன் கடைசிப் பேரரசருக்கு வயது ஏழு. மங்கோலியர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டே வர, அவருடைய ஆட்கள் அந்தப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டு ஓடினார்கள். கடைசியில் கடற்போரிலும் தோற்றார்கள். அமைச்சர் ஒருவர் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு கடலில் குதித்துவிட்டார். இரண்டு பேரும் திரும்பவில்லை. 

"குட்டிப் பேரரசராக யார் நடிப்பது?" என்று மிஸ் வூ கேட்டார்.

"கஜந்தி, மிஸ்!" என்றாள் கௌசிகா.

கஜந்தி வகுப்பில் சேர்ந்து ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்து, பல மாதங்கள் அகதிகள் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, இப்போது அம்மா அப்பாவோடு நோபல் பார்க்கில் இருந்தாள். ஆங்கிலம் இன்னும் சரியாக வராது. கௌசிகா மெல்பேர்னில் பிறந்தவள் என்றாலும் வீட்டில் தமிழ் கதைப்பவள். அதனால் மிஸ் சொல்வதைக் கஜந்திக்குத் தமிழிலும், கஜந்தி சொல்வதை மிஸ்ஸுக்கு ஆங்கிலத்திலும் சொல்லும் வேலை அவளுடையது. அந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் போட்ட கணக்கு நல்ல கணக்குத்தான். குட்டிப் பேரரசருக்கு ஒரு வசனமும் இல்லை. சும்மா நின்றால் போதும். மஞ்சள் அங்கி, கிரீடம் எல்லாம் கிடைக்கும். பாவம், கஜந்தியும் மேடை ஏறட்டுமே!

"அவளுக்கு விருப்பமா என்று கேள்," என்றார் மிஸ் வூ.

"கஜந்தி, நீதான் ராசா. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கப்பலில நிண்டாக் காணும். சரிதானே?"

கஜந்தி மேசையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம் என்கிறாள், மிஸ். அவளுக்குச் சரியான சந்தோஷம்!" என்றாள் கௌசிகா.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை. டுவானின் வீட்டில் ஒருவழியாகப் புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார்கள். அது வந்த பெரிய அட்டைப்பெட்டிதான் சொங் குலத்துக் கப்பல். கஜந்தி அதற்குள் ஏறி நின்றாள். நாலு பேர் நீலப் படுக்கை விரிப்பை முனைக்கு முனை பிடித்து அவளைச் சுற்றி அலையாக அசைத்தார்கள். பின்னால் ஒருவன் தாளத்தட்டைப் பலமாக அடித்தான்.

கஜந்தி சட்டென்று பெட்டிக்குள் குந்திவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். அட்டை கிழிந்தது.

"அடேயப்பா, எவ்வளவு உண்மையாக நடிக்கிறாள்!" என்றார் மிஸ் வூ. எல்லாருக்கும் முன்னால் கைதட்டியவள் கௌசிகாதான்.

விரிப்பு நின்றது. தாளத்தட்டும் நின்றது. கஜந்தி மட்டும் பிடியை விடவில்லை. அவளுடைய உதடு வெளுத்திருந்தது. கௌசிகாவின் கைகள் தட்டுவதைப் பாதியில் நிறுத்தின. இது நடிப்பில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் கஜந்தி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

"வயித்துக்குத்தாம்," என்றாள் கௌசிகாவின் அம்மா. "தாய் ஃபோன் எடுத்தவ. பிள்ளை இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் எண்டு அழுகிறாளாம்."



வெள்ளிக்கிழமை நூலக நேரத்தில், சொங் குலத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அவள் புரட்டினாள். அதில் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தது. சீனாவில் ஓர் அரச குலம் விழுந்தால், அதன் வரலாற்றை அடுத்து ஆள வந்த குலம்தான் எழுதுவிக்கும். தாங்கள் யாரை வென்றார்களோ, அவர்களைப் பற்றியே எழுதுவிப்பார்கள். சொங் குலத்தின் வரலாற்றை எழுதுவித்தவர்கள், அதை அழித்த மங்கோலியர்களின் யுவான் குலத்தார். கடலில் போன அந்த ஏழு வயதுப் பிள்ளையும் அந்த வரலாற்றில் இருக்கிறான். பெயரோடு இருக்கிறான்.

கௌசிகா புத்தகத்தை மூடினாள். எதிரிகூட அந்தப் பிள்ளையை விடாமல் எழுதிவைத்தான். நானோ சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு, அவள் சொல்லாத ஓம் ஒன்றை அவள் பெயரில் சொல்லிவிட்டேனே! 

சனிக்கிழமை காலை அம்மா மீன் வாங்க ஸ்பிரிங்வேலுக்குப் புறப்பட்டாள். போகிற வழியில் கௌசிகா கஜந்தியின் வீட்டில் இறங்கிக்கொண்டாள். கஜந்தியின் அம்மா பவளராணி அன்ரி கதவைத் திறந்தார்.

"வா பிள்ளை. குசினிக்குள்ள இருக்கிறாள், போய்ப் பார்."

கஜந்தி சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கௌசிகாவும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"வயித்துக்குத்து எப்பிடி?"

"எனக்கு வயித்துக்குத்து இல்லை."

"தெரியும்," என்றாள் கௌசிகா. பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "நீ அண்டைக்கு ஓம் எண்டு சொல்லேல்லை. நான்தான் மிஸ்ஸிட்டப் பொய் சொன்னனான். பிழை என்ர. மன்னிச்சுக்கொள், கஜந்தி."

கஜந்தி உரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது. அதை வெங்காயத்தின் தலையில் போடக் கௌசிகாவுக்கு மனம் வரவில்லை.

"நாங்கள் பதினெட்டு நாள் கடலில நிண்டனாங்கள்," என்றாள் கஜந்தி. "போட்டில ஒரு அண்ணா இருந்தவர். எனக்கு வெயில் சுடுது எண்டு தன்ர தொப்பியைக் கழட்டித் தந்தவர். ஒருநாள் மத்தியானம் பெரிய அலை அடிச்சது. பிறகு பாத்தா, அவரைக் காணேல்லை."

"அந்த அண்ணாவுக்கு என்ன பேர்?"

"ஒருத்தருக்கும் தெரியேல்லை. எல்லாரும் அண்ணா, அண்ணா எண்டுதான் கூப்பிட்டவை. நானும் கேக்கேல்லை."

 கௌசிகா ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

கஜந்தி கேட்டாள். "அந்த ராசாப் பிள்ளைக்குப் பேர் இருக்கோ?"

"இருக்கு. சாவ் பிங்." புத்தகத்தில் படித்ததை எல்லாம் கௌசிகா சொன்னாள்.

"அடிச்சவையே அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதி வைச்சவையோ?"

"ஓம்."

கஜந்தி கத்தியைக் கீழே வைத்தாள். "நான் போட்டில ஏற மாட்டன். பேர் எழுதுறவராக நடிக்கிறன். மிஸ் விடுவாவோ?"

"கட்டாயம் விடுவா!" என்று சொல்லக் கௌசிகாவின் நாக்கு துடித்தது. அவள் அதைக் கடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது. ஆனா நீ சொன்னதை அப்பிடியே போய்ச் சொல்லுறன்."

திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னாலேயே கௌசிகா மிஸ் வூவின் மேசையருகில் நின்றாள். பொய் சொன்னதைச் சொன்னாள். அட்டை ஏன் கிழிந்தது என்று சொன்னாள். கஜந்தி கேட்டதையும் சொன்னாள். தொப்பி தந்த அண்ணாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது கஜந்தி சொல்ல வேண்டிய கதை.

மிஸ் வூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கைதட்டாமல் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்," என்றார்.

"அப்படியென்றால் என் கப்பலில் யார் நிற்பது?" என்று பின்னால் வந்து நின்ற டுவான் கேட்டான். தன் ஃபிரிட்ஜ் பெட்டி வீணாகப் போகுமோ என்று அவனுக்குக் கவலை.

"ஒருவரும் நிற்க வேண்டாம்," என்றாள் கௌசிகா. "கிரீடத்தை மட்டும் வைப்போம்."

செவ்வாய்க்கிழமை கஜந்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. குலங்கள் ஒவ்வொன்றாக மேடை ஏறி இறங்கின. சொங் குலத்தின் முறை வந்தபோது, வெறும் பெட்டிக்குள் ஒரு காகிதக் கிரீடம் மட்டும் இருந்தது. தாளத்தட்டு இல்லை. நீல விரிப்பு மெதுவாக எழுந்து, கிரீடத்தை மூடி, அடங்கியது. 

நீண்ட கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கஜந்தி வந்தாள். கையில் சுருட்டிய தாள். அதை விரித்து, ஒரு கிழமையாகப் பாடமாக்கிய ஆங்கிலத்தில் வாசித்தாள்.

"சொங் குலத்தின் கடைசிப் பேரரசர். வயது ஏழு. கடலில் இறந்தார். அவருடைய பெயர் சாவ் பிங்."

இதோடு அவள் குனிந்து வணங்கிவிட்டு இறங்க வேண்டும். ஆனால் அவள் இறங்கவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் விரித்தாள். அடியில் தமிழில் எழுதியிருந்ததைத் தமிழிலேயே வாசித்தாள்.

"எங்கட போட்டில வந்த ஒரு அண்ணா. எனக்குத் தொப்பி தந்தவர். கடலில போயிட்டார். அவற்ர பேர் எனக்குத் தெரியாது."

மண்டபத்தில் பலருக்கு அது விளங்கவில்லை. விளங்கிய சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பவளராணி அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கஜந்தி திரும்பி, மேடையின் ஓரத்தில் நின்ற கௌசிகாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

கௌசிகா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிறகு கைதட்டல் எழுந்தது. அது ஓய நேரம் எடுத்தது.

படியால் இறங்கும்போது கஜந்தி மெதுவாகக் கேட்டாள். "நான் சொன்னதைச் சொன்னனீயே?"

"ஓம்," என்றாள் கௌசிகா. "அப்பிடியே."