தப்பு சொல்லாத இசைவுகாட்டி

அங்கயற்கண்ணியின் விரல் வயலின் தந்தியில் வழுக்கியது. காந்தாரம் நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. தோளில் பொத்தான் போல ஒட்டியிருந்த இசைவுகாட்டி உடனே பச்சையாக ஒளிர்ந்தது.

"சரி. அரபு மகாம் மரபில் இப்படி ஒரு சுரம் உண்டு" என்றது காதில்.

அடுத்து இரண்டு தந்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அதிர்ந்தன. "சரி. பாலித் தீவில் இரட்டைக் கருவிகளை இப்படிச் சற்று விலக்கித்தான் சுருதி சேர்ப்பார்கள்."

சலித்துப்போய் வில்லைப் பெட்டியில் போட்டாள். டொக் என்றது. அதற்கும் ஒரு "சரி".

இசைவுகாட்டிக்கு உலகத்தின் ஆயிரத்து அறுநூறு இசை மரபுகள் தெரியும். யார் எதை வாசித்தாலும், அது சரியாகிற ஒரு மரபைத் தேடிப் பிடித்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், பாருங்கள். பயம் போனால்தானே கற்பனை வரும்? அது வந்த இந்த இருபது வருடத்தில் திட்டு வாங்கி அழுது வாத்தியத்தைத் தூக்கிப் போட்டவர் ஒருவரும் இல்லை.

ஆனால் அங்கயற்கண்ணிக்கு இப்போது ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கற்பனை இசை சொல்லித்தர வருகிறாயா என்று அவள் படித்துவரும் அவிநாசி சாலை இசைப்பள்ளி கேட்டிருந்தது. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் பம்பு மோட்டார் பட்டறை வேலை கைவிட்டுப் போகும். பட்டறையில் செம்புக்கம்பிக் காயிலைத் தப்பாகச் சுற்றினால் ஐந்து நிமிடத்தில் வார்னிஷ் கருகி நாறும். தன் கைவேலை எப்படிப்பட்டது என்று அங்கே அவளுக்குத் தெரியும். இசையில் ஏழு வருடமாக எதுவும் கருகவில்லை.

மாலையில் வயலினோடு இசைவுகாட்டிப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனாள். நாகர்கோவில்காரன் செலஸ்டின் அங்கே தாய்க்கருவியைப் பார்த்துக்கொள்பவன். உலகத்து இசைவுகாட்டிகள் எல்லாம் தினமும் விடியும்போது தாய்க்கருவியிடம்தான் பாடம் கேட்டுக்கொள்ளும்.

"தப்புன்னு சொல்ல வைக்கணுமா? இப்பிடி யாரும் கேட்டதில்லக்கா."

"ஒருக்கா போதும். வேலைய விடறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியோணும்."

தாய்க்கருவியில் கர்நாடக மரபு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கினான். அவள் வாசித்தாள். சிவப்பு. நாற்பத்தோரு தப்பு. அங்கயற்கண்ணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பிறகு மகாம் மட்டும்: முப்பத்தொன்பது. பாலி மட்டும்: நாற்பத்து நான்கு.

"தனித்தனியாப் பாத்தா எல்லாத்துலயும் தப்பு. சேத்துப் பாத்தா எல்லாமே சரி" என்றாள். "இதுல எது நெசம்?"

"எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துது. ஆனா எனக்கு எல்லாமே நல்லாத்தான்க்கா இருக்கும்."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துரு. எதோடயும் ஒப்பிடாம, என்னைய மட்டும் கேட்டுச் சொல்லட்டும்."

வெறுமையான கருவியின் முன் கண்ணை மூடிக்கொண்டு, விரல் போன போக்கில் வாசித்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அவள் முகம் தொங்கிப்போய் வெளியேற, சமாதானம் சொல்லிக்கொண்டே செலஸ்டினும் கூடவே நடந்தான். மரபுகளைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது அவன் நினைவுக்கே வரவில்லை.

காலையில் பட்டறையில் இருக்கும்போது அவன் அழைத்தான்.

"அக்கா, காலியா கெடந்த தாய்க்கருவி நீங்க வாசிச்சத உங்க பேருல ஒரு மரபாப் பிடிச்சு வச்சுக்கிட்டுது. இப்ப உலகத்துலயே அது ஒண்ணுதான் சரி. மத்ததெல்லாம் திரும்ப ஏற பத்து நாள் ஆவும்."

வயலினை எடுத்துக்கொண்டு இசைப்பள்ளிக்கு ஓடினாள். வாசலில் நாற்பது பேர் வாத்தியங்களோடு வரிசையில் நின்றார்கள். திட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே போனாள். அவர்களோ அவளைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார்கள். முதலில் நின்றவர் அங்கே புல்லாங்குழல் படிக்கும் மருதாசலம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"அம்மணி, எனக்குச் செவப்பு எரியுதுங்க. எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

ஊதினார். சிவப்பு.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

"நல்லா இருந்தா எதுக்குச் செவக்குது? நீங்கதான இப்ப அளவு. வாசிச்சுக் காட்டுங்க."

அவள் வயலினை எடுத்தாள். நேற்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததை எங்கே தொடங்கினோம்? மேலே ஏறினோமா, இறங்கினோமா? விரல் மறுபடியும் தன் போக்கில் போயிற்று. தோளில் சிவப்பு எரிந்தது.

"தப்பு. இது அங்கயற்கண்ணி மரபு அல்ல."

மருதாசலம் அவள் தோளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நேத்து வாசிச்சவங்களையே வரச் சொல்லுங்க அம்மணி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

வரிசை நகராமல் நின்றது. இத்தனை பேரையும் இப்படியே விட்டுவிட்டுக் காயில் சுற்றப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கைப்பேசியை எடுத்து, இசைப்பள்ளிக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பினாள்.

அங்கே தகுதி பார்ப்பதும் இசைவுகாட்டிதான். பதில் அந்தக் கணமே வந்தது.

'மன்னிக்கவும். அங்கயற்கண்ணி மரபில் உங்கள் பயிற்சி போதாது.'

"என்னங்க அம்மணி?"

"பயிற்சி பத்தலையாம்."

"யாருக்கு?"

"எனக்கு" என்றாள் அங்கயற்கண்ணி.