அந்தியில் அடித்த பெரட்டு மணி

கயிறு அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்திருந்தது.

இராஜமாணிக்கம் குனிந்து பார்த்தார். காட்டோரத்தில் அடித்திருந்த முளையைச் சுற்றி ஆட்டின் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. ஒரு குளம்பும், கொஞ்சம் மயிரும், இழுத்துக்கொண்டு போன தடமும் இருந்தன. ஈரமண்ணில் புலியின் கால் அழுந்திய இடமெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருந்தன. கயிறு மட்டும் முளையிலிருந்து அவிழ்க்கப்பட்டு, வட்டவட்டமாகச் சுருட்டி, பக்கத்து மரக்கட்டையின் மேல் வைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் வைத்துவிட்டுப் போனதைப் போல இருந்தது.

"நீதான் சுருட்டி வச்சியா?" என்று தம்பியைக் கேட்டார்.

"நான் எங்கண்ணே? நேத்து கட்டிட்டு ஓடுனவன் இப்பத்தான் வரேன்" என்றான் வீரமுத்து. "எவனாச்சும் கறிக்கு வந்திருப்பான் லா. பசி யாரை விட்டுச்சு?"

இருக்கலாம். ரந்தா ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் அரிசியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று கால் வீங்கிப் போனவர்கள்தான் தொழிலாளர் லயங்களில் நடமாடினார்கள். ஆனால் கறி திருட வந்தவன் கயிற்றை எதற்காகச் சுருட்டி வைக்க வேண்டும்? அந்தக் கேள்வியை இராஜமாணிக்கம் அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். எதையும் கடைசிவரை யோசிக்கிற பழக்கத்தை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமல்கூட ஓடிப்போன பிறகு, தோட்டம், விடியலில் ஆட்களின் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணியான அவர் தலையில் விழுந்தது. போர்ட்டிக்சன் முகாமிலிருந்து வருகிற ஜப்பான் கேப்டன் சொல்வதைச் செய்ய வேண்டும். அதுதான் இப்போது உத்தியோகம். சென்ற மழைக்கு முன்னால் ஒருநாள் விடியலில், பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒருவனும் திரும்பவில்லை, ஒரு சேதியும் இல்லை. அன்றைக்கு வீரமுத்து காய்ச்சலில் லயத்தில் படுத்திருந்தான். முன் வரிசையில் சன்னாசிக்குப் பக்கத்தில் அவன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதனால் தப்பினான்.

இப்போது அடுத்த லாரி வரப்போகிறது. அதைக் கேப்டன்தான் சொன்னார். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னார்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நண்பர்களோடு வருகிறார். அவருக்குப் புலி பார்க்க வேண்டும். சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும். காட்டில் பரண் கட்டினால் கொசுக்கடியில் உட்கார மாட்டார். வெந்நீரில் குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, துரை பங்களாவின் வராந்தாவில் நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்க வேண்டும். புலி அங்கே வர வேண்டும்.

"எங்கள் ஊரில் கொம்பு ஊதினால் மான்கள் காட்டிலிருந்து ஓடி வரும்" என்றார் கேப்டன் உடைந்த மலாயில். "புலியும் கற்றுக்கொள்ளும். சாயங்காலம் மணி அடி. தீனி வை. தினமும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு வா." பிறகு வீரமுத்துவைப் பார்த்துப் புன்னகை செய்தார். "புலி வந்தால் இவன் இங்கே. வராவிட்டால் இவன் சயாம்."

தோட்டத்தில் இருந்த மணி ஒன்றே ஒன்று. ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கிற தண்டவாளத் துண்டு. அதைக் கழற்றிக்கொண்டு வந்து பங்களா வராந்தாவில் தொங்கவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் அடிப்பதோடு சரி. விளக்கு வைத்த பிறகு அந்த இரும்பைத் தொடுகிற வழக்கம் அங்கே இல்லை. இருட்டில் கூப்பிட்டால் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது என்பார்கள் லயத்துப் பெண்கள். இராஜமாணிக்கம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டவரில்லை. தம்பி இருக்க வேண்டும். மற்றது எதுவானாலும் ஆகட்டும்.

பங்களாவைத் தயார் செய்யும் வேலை மயிலம்மாளுடையது. சன்னாசியின் மனைவி. சன்னாசி தோட்டத்து மாட்டுக்காரன். அந்த லாரியில் போனவர்களில் ஒருவன். சவுக்காரம் இல்லாததால் அவள் படுக்கை விரிப்புகளைச் சாம்பல் போட்டு அவித்தாள். கொசுவலைக் கிழிசல்களைத் தைத்தாள். ரப்பர் பால் டிரம் ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து வாடை போக்கி, வெந்நீர்க் குளியலுக்காகக் கொல்லையில் கல் கூட்டி வைத்தாள். பிரம்பு நாற்காலிகள் புல்வெளியைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. வெள்ளைக்காரன் காலத்தில்கூட அந்த வீடு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அந்தி சாயும்போது வீரமுத்து ஆட்டைக் கட்டிவிட்டு ஓடிவருவான். இராஜமாணிக்கம் மணி அடிப்பார். கணீரென்ற அந்தச் சத்தம் ரப்பர் பால்மரங்களுக்குள் ஓடி, காட்டில் மோதி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். முதலில் பூச்சிகளின் இரைச்சல் நிற்கும். பிறகு ஆட்டின் கத்தல். பிறகு அதுவும் நிற்கும். முளை காட்டோரத்திலிருந்து மரங்களுக்கு நடுவே வந்தது. அங்கிருந்து பங்களாவுக்கு ஏறும் மண்பாதைக்கு வந்தது. புலி கற்றுக்கொண்டது. ஒவ்வொரு காலையிலும் கயிறு சுருட்டியபடியே கிடைத்தது.

ஒரு காலையில் மண்பாதையில் புலித் தடத்தோடு வேறு தடங்களும் இருந்தன. வெறுங்கால் தடங்கள். புலி காட்டிலிருந்து வந்த வழியிலேயே அவையும் வந்திருந்தன. அது திரும்பிய இடத்தில் அவையும் திரும்பியிருந்தன. பக்கத்தில் பக்கத்தில், அவசரமில்லாமல். விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. சதை இல்லாத பாதங்கள். காற்றில் புலி வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நனைந்த சாக்கு, நாட்பட்ட காய்ச்சல் வேர்வை, சேறு. இராஜமாணிக்கம் யாரும் பார்ப்பதற்குள் செருப்பால் தடங்களைத் தேய்த்து அழித்தார். ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று தெரிந்தால் கேப்டன் சும்மா விடமாட்டார். அந்தக் கவலைதான் அவருக்கு. பயப்பட வேண்டிய விஷயம் இது என்று புத்திக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

ஆடுகள் தீர்ந்தன. அதிகாரி வரவில்லை, வேலை அதிகம், அடுத்த வாரம் என்று சேதி வந்தது. மயிலம்மாளின் பசுவைப் புல்வெளியிலேயே முளை அடித்துக் கட்டச் சொன்னார் கேப்டன். அவள் ஒரு பிடி புல்லை அதன் வாயில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை இராஜமாணிக்கம் கொண்டுவந்த கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரு சுத்துன சுத்துய்யா" என்றாள். "முனைய உள்ள விட்டு மேல இழுத்துருக்கு பாருங்க. இந்தத் தோட்டத்துல வேற யாரும் இப்படிச் சுத்த மாட்டாங்க."

"சன்னாசி சயாம்ல இருக்கான் மயிலம்மா."

"இருக்காராய்யா?"

அவள் அழவில்லை. கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, விருந்தாளிகளின் தலையணைக்கு உறை போடத் தொடங்கினாள்.

"மணிய நிப்பாட்டுங்கய்யா" என்றாள், தலையணையைப் பார்த்தபடியே. "பெரட்டுக்கு வந்து நின்னவங்களத்தான ஏத்திக்கிட்டுப் போனானுங்க. அதே மணிய அடிச்சுக் கூப்புட்டா வராம என்னா செய்வாங்க?"

"தம்பிய விட்டுறச் சொல்றியா?"

அவள் அடுத்த தலையணையை எடுத்தாள்.

கட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அன்றைக்கு அவர் மணி அடிக்கவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் பூச்சிகள் நின்றன. வராந்தாவின் மரப்படி மெல்ல முனகியது. கதவுக்கு வெளியே எதுவோ மூச்சு விட்டது. கனமான, ஈரமான மூச்சு. அதற்குப் பின்னால் இன்னும் பல மூச்சுகள், இளைப்பவர்களின் மூச்சுகள், இருமலை அடக்கிக்கொள்பவர்களின் மூச்சுகள். வீரமுத்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளையில் பிடித்தது. அதன் பிறகு இன்றைக்குத்தான்.

"அண்ணே, யாரோ என் பேர முணுமுணுக்கிறாங்க."

"காத்துடா" என்றார் இராஜமாணிக்கம். காற்று இல்லை.

மறுநாள் மத்தியானம் கார்கள் வந்தன.

பெரிய அதிகாரி குட்டையான, மரியாதையான மனிதர். விரிப்புகளைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். டிரம் வெந்நீரில் நண்பர்களோடு மாறிமாறிக் குளித்தார். அவர்கள் கொண்டுவந்த அரிசியை மயிலம்மாள் வடித்தாள். அந்த வாசனையில் வீரமுத்துவின் தொண்டை ஏறி இறங்கியது. சாப்பிட்டு, தளர்ந்த உடையில், அவர்கள் பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்தார்கள். புல்வெளியின் மேல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"தீனி எங்கே?" என்று கேப்டன் கேட்டார்.

"தீர்ந்துபோச்சு துவான்" என்றார் இராஜமாணிக்கம்.

கேப்டன் வீரமுத்துவைப் பார்த்தார். புல்வெளியில் காலியாக நின்ற முளையைப் பார்த்தார். மறுபடி வீரமுத்துவைப் பார்த்தார். "மணி அடி" என்றார். "வராவிட்டால் அப்புறம் பார்க்கலாம்."

இராஜமாணிக்கம் சுத்தியலை எடுத்தார். பக்கத்தில் தம்பி நின்றான். அடித்தார். இத்தனை நாளும் ஏனோதானோவென்று அடித்த கை, இன்றைக்குப் பழைய கணக்கில் விழுந்தது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. பெரட்டுக்கு அடிக்கிற அடி. நிறுத்த நினைத்தார். கை கேட்கவில்லை.

பூச்சிகள் நின்றன.

மரங்களுக்கு நடுவிலிருந்து புலி வந்தது. அவசரப்படாமல் வந்தது. புல்வெளிக்கு ஏறி, முளைக்குப் பக்கத்தில், தொழுவத்து மாடு போலக் காலை மடக்கிப் படுத்தது. நாற்காலிகளில் மூச்சு அடங்கியது. பெரிய அதிகாரி இரு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர் கண்களில் நீர். அவ்வளவு சந்தோஷம்.

புலியின் கழுத்தில் கயிறு இருந்தது.

கயிற்றின் மறுமுனை ஒரு கையில் இருந்தது.

அதை நாற்காலியில் இருந்தவர்கள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் புலி போதுமாக இருந்தது. இராஜமாணிக்கம் பார்த்தார். இடுப்பில் சாக்குத் துணி. கணுக்கால் வரை சேறு. எலும்பின் மேல் போர்த்திய தோல். சன்னாசி கயிற்றை மெதுவாகச் சுருட்டினான். வட்டவட்டமாக. முனையை உள்ளே விட்டு மேலே இழுத்தான்.

அவனுக்குப் பின்னால் மரங்களிலிருந்து மற்றவர்கள் வந்தார்கள். சத்தமில்லாமல். ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு. புல்வெளியில் வந்து வரிசை கட்டினார்கள். முன் வரிசை. பின் வரிசை. அன்றைக்கு விடியலில் நின்ற அதே வரிசை. அவரவர் இடத்தில் அவரவர்.

சன்னாசிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலி.

சமையலறை வாசலில் மயிலம்மாள் நின்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. அவளும் பார்த்துவிட்டாள்.

"பாகுஸ், பிரமாதம்" என்று கேப்டன் ரகசியமாகச் சொன்னார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. கிராணியின் தோளில் தட்டினார். "சொன்ன சொல் சொன்னதுதான். உன் தம்பி சயாம் போக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்."

ஜெயித்தாயிற்று. இதற்காகத்தானே எல்லாம். இராஜமாணிக்கம் சொல்வதற்காகத் திரும்பினார்.

பக்கத்தில் தம்பி இல்லை.

படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பெரட்டுக்குத் தாமதமாக வருகிறவனைப் போல, தலையைக் குனிந்துகொண்டு, வேகமாக. புலி அவனுக்கு வழிவிட்டு நகர்ந்து படுத்தது. நாற்காலிகளில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். தைரியசாலிப் பையன் என்று நினைத்திருக்கலாம்.

கூப்பிட வேண்டும். வாடா என்று கத்த வேண்டும். இராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். வந்தது வேறு. ஒவ்வொரு விடியலிலும் இந்த மணிக்குப் பிறகு வருவது.

"சன்னாசி" என்றார்.

"இருக்கேங்க" என்றது வரிசை.

வீரமுத்து காலி இடத்தில் போய் நின்றான். தோளை நேராக்கிக்கொண்டான். சுத்தியல் எப்போதோ கீழே விழுந்துவிட்டது. ஆனாலும் தலைக்கு மேல் இரும்பு ஒலித்துக்கொண்டே இருந்தது. வரிசை நிறைந்துவிட்டது. எல்லோரும் கிராணியைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பெயருக்காகக் காத்து நின்றார்கள்.